ஊசி போட்ட பிறகு வரும் இரவு

ஆசிரியர் அவர்களுக்கு,

கடுமையான மலேரியா வந்த குழந்தைகளைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் மருந்தோடு நிறுத்திக்கொள்கிறார்கள். 25 வருடம் குழந்தைகள் வார்டில் நர்ஸாக இருந்தவள் நான். மருந்து போட்டதற்கு அப்புறம் வரும் இரவைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

மருந்தில் குறையில்லை. முன்பெல்லாம் குயினைன் என்ற மலேரியா மருந்தை மணிக்கணக்கில் சொட்டுச்சொட்டாக ஏற்றுவோம். அதுவே உடம்பின் சர்க்கரையையும் இறக்கிவிடும். அதற்குப் பதிலாக ஆர்ட்டிசுனேட் ஊசி வந்ததும் அந்தப் பாடு தீர்ந்தது. ஆனால் மலேரியாவே சர்க்கரையை இறக்கிவிடும். ஆப்பிரிக்காவில் 5,425 குழந்தைகளிடம் நடத்தி 2010-இல் வெளியிட்ட ஆய்வில், குயினைன் கொடுத்தவர்களில் 10.9 சதவீதம் பேர் இறந்தார்கள். ஆர்ட்டிசுனேட் கொடுத்தவர்களில் 8.5 சதவீதம். அதாவது நல்ல மருந்து உள்ளே போன பிறகும் ஏறக்குறைய 12 பேரில் ஒரு குழந்தை போய்விடுகிறது.

ஓர் இரவு மூன்று வயதுப் பையன். மாலையிலேயே முதல் ஊசி போட்டாயிற்று, வலிப்பும் நின்றிருந்தது. "இப்பத்தான் சிஸ்டர் அசந்து தூங்குறான்" என்றார் அவன் அம்மா. நாடியைப் பார்த்துவிட்டு நகர்ந்துவிட்டேன். அடுத்த சுற்றில் வந்தபோது அவன் சுண்டுவிரல் மட்டும் லேசாகத் துடித்துக்கொண்டிருந்தது. எங்கள் வார்டில் சர்க்கரை பார்க்கும் ஸ்ட்ரிப் தீர்ந்திருந்தது. பக்கத்து வார்டுக்கு ஓடி குளுக்கோமீட்டரை வாங்கி வந்து பார்த்தால், சர்க்கரை 28. நாற்பதுக்குக் கீழே போனாலே ஆபத்து. பத்து சதவீத குளுக்கோஸ் ஏற்றினோம், பிழைத்தான். ஆனால் அது தூக்கமில்லை, மயக்கம். முதல் தடவையே எழுப்பிப் பார்த்திருக்க வேண்டும்.

நினைவில்லாத குழந்தைக்கு நான்கு மணி நேரத்துக்கு ஒரு முறை, ராத்திரியிலும், சர்க்கரை பார்க்க வேண்டும். ஒரே நர்ஸ் வார்டு முழுவதையும் சுற்றினால் அது நடக்காது. அதனால் இந்தக் குழந்தைகளின் கட்டிலை நர்ஸ் மேசைக்குப் பக்கத்திலேயே போடுங்கள். ஸ்ட்ரிப்பைப் பூட்டிய அலமாரியில் வைக்காதீர்கள். பதற்றத்தில் சலைனை மளமளவென்று ஏற்றுவதும் வேண்டாம். கென்யா, உகாண்டா, தான்சானியாவில் நடந்த 2011 ஆய்வில் அப்படி ஏற்றிய குழந்தைகளிடம்தான் இறப்பு அதிகமாக இருந்தது.

அப்புறம், பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் அம்மாவிடம் சொல்லி வையுங்கள்: விரல் துடித்தால், கண் ஒரு பக்கமாகச் செருகினால், மூச்சு வேகமானால், கூப்பிட்டும் எழுந்திருக்காவிட்டால் உடனே எங்களைக் கூப்பிடுங்கள் என்று. அன்று அந்த அம்மாவிடம் நான் இதைச் சொல்லவில்லை.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற குழந்தைகள் வார்டு நர்ஸ்