பாடிப்போகிற பிள்ளையைப் பாட விடுங்கள்

அன்புள்ள ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

தை பிறந்துவிட்டால் எங்கள் மன்னார்குடி, நீடாமங்கலம் பக்கம் கபடிப் போட்டி இல்லாத வாரமே கிடையாது. நான் 31 ஆண்டுகள் உடற்கல்வி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். இப்போதும் யார் கூப்பிட்டாலும் விசிலோடு போய் நிற்பேன். இந்தத் தையில், பள்ளி மாணவர் ஆட்டம் ஒன்றில் கண்டதை எழுதாமல் இருக்க முடியவில்லை.

"கபடி, கபடி" என்று பாடிக்கொண்டு எதிரணிப் பக்கம் போன பையனுக்கு 13 வயது இருக்கும். கோட்டை ஒட்டி அவன் அப்பா நின்றுகொண்டு, "உள்ள போடா, போனஸ எடுடா, பயந்தாங்கொள்ளி!" என்று கத்துகிறார். எதிரணிக் களத்தின் உள்கோட்டைத் தாண்டினால் கிடைக்கும் கூடுதல் புள்ளிதான் போனஸ். இந்தப் பக்கம் பயிற்சியாளர், "திரும்புடா, திரும்பு!" என்கிறார். பையன் ஒரு கணம் அப்பா முகத்தைப் பார்த்தான். அதற்குள் கணுக்காலைப் பிடித்துவிட்டார்கள். அவுட்டாகி வந்தவனிடம் அப்பா சொன்ன வார்த்தைகளை இங்கே எழுதக் கூடாது. ஆட்டம் முடிந்ததும் அவன் அடிபம்புக்குப் போனவன், முகத்தைக் கழுவிக்கொண்டே இருந்தான். அழுவது வெளியே தெரியாமல் இருக்க அவனுக்கு வேறு வழி இல்லை.

அந்த அப்பா கெட்டவர் இல்லை. அறுவடை வேலையை விட்டுவிட்டு மகன் ஆட்டத்தைப் பார்க்க வந்தவர். பக்கத்து வடுவூர்ப் பிள்ளை அபினேஷ், 2025-ல் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் போட்டியில் தங்கம் வென்ற இந்திய அணியில் ஆடினார். அரசு வேலையில் விளையாட்டு வீரர்களுக்கு 3 விழுக்காடு ஒதுக்கீடும் இருக்கிறது. நம் பிள்ளையும் அப்படி வரட்டும் என்று நினைப்பதில் தப்பே இல்லை. ஆனால் அந்த ஆசை முழுவதையும் 13 வயதுத் தோளில் ஒரே ஆட்டத்தில் இறக்கி வைக்கிறோம்.

கபடியில் 30 நொடிக்குள் மூச்சு விடாமல் பாடி, தொட்டுத் திரும்ப வேண்டும். பாட்டு அறுந்ததா இல்லையா என்று நடுவர் காதால்தான் கண்டுபிடிக்கிறார். சுற்றி நூறு பேர் கத்தினால், பக்கத்தில் நிற்கிற எனக்கே பையன் குரல் கேட்பதில்லை. அப்புறம் "நடுவர் விலைபோய்ட்டான்" என்று அதே ஆட்கள்தான் சண்டைக்கு வருகிறார்கள். வரம்பு மீறும் வீரருக்குப் பச்சை அட்டை எச்சரிக்கை, மஞ்சள் அட்டை என்றால் 2 நிமிடம் வெளியே. கோட்டோரம் நிற்கும் பெற்றோரிடம் எதைக் காட்டுவது?

இதைவிட வேதனை ஒன்று உண்டு. எதிரணிப் பிள்ளையை அவன் தெருப்பெயர் சொல்லி ஏசுகிறார்கள். நம் ஊர்களில் தெருப்பெயர் என்றால் என்ன அர்த்தம் என்று ஏசுகிறவருக்கும் தெரியும், கேட்கிற பிள்ளைக்கும் தெரியும். அந்தச் சொல் கேட்ட நொடியே ஆட்டத்தை நிறுத்த வேண்டும். நான் நிறுத்தியிருக்கிறேன்.

நானும் தவறு செய்தவன்தான். 1998-ல் மாவட்டப் போட்டியில் தோற்ற கோபத்தில், ஒரு மாணவனை அவன் அம்மா பார்க்க "நீயெல்லாம் எதுக்குடா வந்தே?" என்று கேட்டுவிட்டேன். அதற்குப் பிறகு அவன் மைதானத்துக்கு வரவே இல்லை. இன்று அவர் நெல் அறுவடை இயந்திரம் ஓட்டுகிறார். வழியில் கண்டால் வண்டியை நிறுத்தி, "நல்லா இருக்கீங்களா சார்?" என்று கேட்பார். மழை, நெல் விலை எல்லாம் பேசுவோம். கபடி மட்டும் எங்கள் பேச்சில் வந்ததில்லை.

போட்டி நடத்தும் இளைஞர் மன்றங்களுக்கும், பக்கத்துப் பள்ளிகள் தங்களுக்குள் மோதும் குறுவட்டப் போட்டி நடத்தும் பள்ளிகளுக்கும் என் வேண்டுகோள் இதுதான். களத்தைச் சுற்றிப் பத்தடி தள்ளிக் கயிறு கட்டுங்கள். பிள்ளை பாடிப்போகும்போது வெளியிலிருந்து யாரும் யோசனை சொல்லக் கூடாது என்று ஒவ்வொரு ஆட்டத்துக்கு முன்பும் மைக்கில் அறிவியுங்கள். கைதட்டுங்கள், விசில் அடியுங்கள், அதெல்லாம் ஆட்டம் நின்ற பிறகு. மீறுகிறவரிடம் முதலில் அவர் ஊர்ப் பெரியவர் ஒருவரை விட்டுப் பேசச் சொல்லுங்கள். அவர் சொன்னால் கேட்பார்கள். அதற்கும் கேட்காதவரை வெளியே அனுப்பிவிட்டு ஆட்டத்தைத் தொடருங்கள்.

பயிற்சியாளர்களுக்கும் ஒரு சொல். திட்ட வேண்டியிருந்தால் மறுநாள் காலைப் பயிற்சியில், தனியாகக் கூப்பிட்டுச் சொல்லுங்கள்.

ஆடியில் குறுவட்டப் போட்டிகள் தொடங்கிவிடும். எங்கள் பக்கத்துப் பள்ளிகள் கூப்பிட்டால், கயிறும் முளைக்குச்சியும் கொண்டுவந்து நானே கட்டித் தருகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியர்,
நீடாமங்கலம், திருவாரூர் மாவட்டம்.