செட் விசயமாக

கல்லடி உப்போடை,
மட்டக்களப்பு.

அன்பு மகனுக்கு,

நீ அனுப்பிய மூன்று லட்சம் திங்கட்கிழமை வந்து சேர்ந்தது. பழைய பாட்டுச் செட்டைத் தூக்கி எறிந்துவிட்டு நல்லதாக ஒன்று வாங்கச் சொல்லியிருந்தாய். வாங்கவில்லை. காசு வங்கியில் அப்படியே கிடக்கிறது. போனில் சொல்லப் போனால் நீ "சரி சரி" என்று அவசரப்படுத்துவாய். அதனால்தான் எழுதி, அக்காவிடம் படம் பிடித்து அனுப்பச் சொல்கிறேன்.

செட்டுக்கு வந்திருப்பது பெரிய வருத்தமில்லை. திருமலை வீதியில் ரேடியோ திருத்துகிற தம்பியைக் கூட்டி வந்து காட்டினேன். ஸ்பீக்கரின் துணியைக் கழற்றி, கூம்பைச் சுற்றியிருந்த நுரை வளையத்தில் விரலை வைத்தார். வைத்த இடத்திலேயே அது பழங்கேக் மாதிரி உதிர்ந்து அவர் மடியில் கொட்டியது. சுனாமிக்குப் பிறகு மாற்றிய வளையம், இருபது வருடம் தாங்கியதே பெரிய காரியம். இந்த முறை ரப்பரில் போடலாம் என்கிறார். அம்ப்பில் இரண்டு கப்பாசிட்டர் ஊதியிருக்கிறது. பாட்டு இல்லாத நேரத்திலும் வண்டு மாதிரி இரைந்தது அதனால்தான். வொலியூம் குமிழின் கரகரப்புக்கு ஒரு ஸ்ப்ரே அடித்தால் போதும். எல்லாம் இருபதாயிரத்துக்குள் முடிந்துவிடும். ஆகவே இனிக் காசு அனுப்பாதே.

நூறு வாட்ஸ், இருநூறு வாட்ஸ் என்று நீ அனுப்பிய படங்களையும் பார்த்தேன். நம்முடைய சன்சூயி நாற்பது வாட்ஸ். எண்பது வாங்கினாலும் மூன்று டெசிபல்தான் கூடும். காதுக்கு இரண்டு மடங்காகக் கேட்க வேண்டுமென்றால் நானூறு வேண்டும். நானூறு வாட்ஸை இந்த வீட்டில் வைத்து யாரை எழுப்புவது? அங்கேயிருந்து வாங்கி அனுப்புகிற யோசனையும் வேண்டாம். கனடாச் சாமான் 120 வோல்ட், இங்கே 230. கோமாரி அத்தானின் மிக்ஸிக்கு என்ன நடந்தது என்று உனக்குத் தெரியும். போனில் இருந்து பாட்டுக் கேட்க ஆசையென்றால் ஒரு சின்ன புளூடூத் பெட்டியை வாங்கி ஆக்ஸ் துளையில் செருகினால் முடிந்தது. அதோடு, பௌர்ணமியில் பாலத்தடியில் தோணியை நிறுத்தி, துடுப்பைத் தண்ணீரில் விட்டுப் பிடியைக் காதில் வைத்து, வாவி மீன் பாடுகிறதைக் கேட்ட காதில்லை இது. கீச்சென்ற மேல்சத்தம் எதுவும் இப்போது எனக்கு எட்டுவதில்லை. அதற்கு விலையுயர்ந்த ட்வீட்டர் எதற்கு?

உன் காது அப்படியில்லை. ஒன்பது வயதில், "அப்பா, பாட்டுக்காரர் நடுவில நிக்கிறார் இல்ல" என்றாய். ஏதோ விளையாட்டென்று ஏசினேன். பிறகு பார்த்தால் இடதுபக்க ஸ்பீக்கரின் சிவப்பு வயரும் கறுப்பு வயரும் மாறிக் கிடந்தன. மாற்றிப் போட்டதும் குரல் நடுவுக்கு வந்தது, தவிலுக்கும் வயிறு வந்தது. அந்தக் கதையை எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன்! அப்படிப்பட்ட காதுக்காரன் மூன்று கிழமைக்கு ஒருமுறை நாலு நிமிசம் பேசிவிட்டு வைக்கிறாய். சரி, வேலை இருக்கும்.

உண்மையில் செட்டை விட ஹோலைத்தான் முதலில் திருத்த வேண்டும். பொங்கலுக்கு அம்மா திரைச்சீலையெல்லாம் கழற்றித் தோய்த்தபோதுதான் எனக்கே விளங்கியது. சீமெந்துத் தரை, வெறும் சுவர். தென்றல் ரேடியோவில் செய்தி வாசிக்கிறவர் கிணற்றுக்குள் இருந்து வாசிப்பது போல இருந்தது. சீலையை மாட்டி, பாயை விரித்து, பெட்டிகளை மூலையிலிருந்து ஒன்றரை அடி முன்னுக்கு இழுத்தேன். ஒரு சதம் செலவில்லை, பாதிக் குறை போய்விட்டது.

அன்றிலிருந்து எங்கே எந்தக் குரலைக் கேட்டாலும் அறையைத்தான் கவனிக்கிறேன். முன்பெல்லாம் நீ எடுக்கும்போது பின்னால் சின்னவளின் கார்ட்டூன் கேட்கும், மருமகள் பாத்திரம் வைக்கிற சத்தம் கேட்கும். கடைசி மூன்று தடவையும் உன் ஒவ்வொரு சொல்லுக்குப் பின்னாலும் ஒரு வால் இழுபட்டது. போனை மாற்றினாயோ தெரியாது. காசு அனுப்பாதே மனே. இருப்பதை வைத்துக்கொள்.

இந்தச் செட் எப்படி வந்ததென்று உனக்கு நான் சொன்ன கதை பாதிதான் உண்மை. 1986இல் எண்ணெய் விலை விழுந்தது, கட்டாரில் நிறையக் கட்டட வேலைகள் நின்றன. எங்கள் கம்பனி ஏழு மாதம் சம்பளம் தரவில்லை. அறையில் இருந்த ஆறு பேரும் ஒவ்வொருவராகப் போய், கட்டில்களும் விலைப்பட்டு, நான் மட்டும் தரையில் படுத்தேன். அந்த அறைக்குள் இருந்துதான் உங்களுக்குக் கெசட்டில் பேசி அனுப்பினேன்: "நான் நல்ல சுகம், வேலை நல்லாப் போகுது." கைவீசிக்கொண்டு வந்தால் ஊர் என்ன சொல்லும் என்று, ஒரு மலையாளத்தானிடம் கடன் வாங்கி இந்தச் செட்டை வாங்கிக்கொண்டு வந்தேன். அந்தக் கடனைத் தீர்த்தது அம்மாவின் அட்டியல். களவு போனதென்று உங்களுக்குச் சொன்னோமே, அது.

பத்துப் பதினைந்து வருடம் கழித்து அம்மா ஒருநாள் மீன் வெட்டிக்கொண்டே சொன்னா: "அந்தக் கெசட்டில உங்கட குரல் வெறும் மண்டபத்தில கேட்ட மாதிரி இருந்தது. அப்பவே எனக்குத் தெரியும்." ஏன் கேட்கவில்லை என்றேன். "கேட்டா இன்னொரு பொய் சொல்லுவீங்க. அதையும் நான் கேட்டுக்கொண்டிருக்க வேணுமா?" என்றா. தலையை நிமிர்த்தவேயில்லை.

வெள்ளிக்கிழமை அந்தத் தம்பி வளையம் ஒட்ட வருகிறார். பசை காய ஒருநாள் வேண்டும். ஞாயிறு எங்கள் இரவு எட்டு மணிக்கு எடு, உனக்குக் காலைதானே. பாட்டைப் போட்டுப் போனைப் பக்கத்தில் வைக்கிறேன், குரல் நடுவில் நிற்கிறதா என்று நீ சொல்லு. மிச்சக் காசை உன் பெயரிலேயே போட்டு வைக்கிறேன்.

உன் அறையில் கிடந்த நெல் மூட்டைகளை நேற்று விறாந்தைக்கு மாற்றியாயிற்று. அம்மா மெத்தையை வெயிலில் போட்டிருக்கிறா. ஏனென்று நானும் கேட்கவில்லை.

அன்புடன்,
அப்பா