நீச்சல்குளத்தில் வராத பயம் ஏரியில் ஏன் வருகிறது?

ஆசிரியர் அவர்களுக்கு,

நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றும் சேர்ந்த டிரையத்லான் போட்டிக்குத் தயாராகும் சேலம் இளைஞர்கள் சிலர் 25 மீட்டர் நீச்சல்குளத்தில் 1,500 மீட்டரைச் சலிக்காமல் நீந்துகிறார்கள். ஏரி போன்ற திறந்த நீரில் நூறு மீட்டரிலேயே திணறுகிறார்கள். தெம்பில் குறையில்லை. குளிர்ந்த நீர் மார்பில் பட்டதும் மூச்சு தானாக வெடுக்கென்று உள்ளே இழுக்கும். ஓரிரு நிமிடத்தில் அடங்கிவிடும். அதற்குள் வேகமெடுத்தால் பழைய காற்று வெளியேறாமலே அடுத்த மூச்சை இழுப்போம். நெஞ்சு அடைக்கும், பயம் தொற்றும்.

தொடங்குமுன் இடுப்பளவு நீரில் நின்று முகத்தை நனைத்து, நீருக்குள் குமிழி விட்டு மூச்சை முழுதாக வெளியேற்றுங்கள். பத்து முறையாவது. போட்டி தொடங்கும்போது கூட்டத்தின் ஓரத்தில் நில்லுங்கள். நெஞ்சடைத்தால் காது நனைய மல்லாந்து மிதந்தால் போதும். கிணற்றில் பழகியவர்களுக்கு இது கைவந்ததுதான்.

திசை தவறாமலிருக்க ஆறேழு கைவீச்சுக்கு ஒருமுறை, நீச்சல் கண்ணாடி மட்டும் மேலே வரும்படி எட்டிப் பாருங்கள். தலையை முழுவதும் தூக்கினால் இடுப்பு தாழ்ந்து கால் இழுபடும்.

மேட்டூர் பக்கம் காவிரியில் தனியாக இறங்கிப் பழகுவது வேண்டவே வேண்டாம். பாதுகாப்பான ஓர் ஏரியில், மீட்புப் படகோடு வாரம் ஒரு மணி நேரம் பயிற்சிக்கு மாவட்ட நிர்வாகம் வழி செய்ய வேண்டும்.

— நீச்சல் பயிற்சியாளர்கள் சிலர், சேலம்