கடைசி வாரத்தில் கலைஞரைக் கூப்பிடாதீர்கள்

கலை–அறிவியல் கூட்டுத் திட்டங்களுக்கு நிதி ஒதுக்கும் குழுவினருக்கு,

வணக்கம். காலநிலை மாற்றத்தை எப்படி எதிர்கொள்வது என்று யோசிக்கும் திட்டங்களில், ஆய்வெல்லாம் முடிந்த பிறகுதான் கலைஞருக்கு அழைப்பு போகிறது. வரைபடத்துக்கு வண்ணம் தீட்டுவது தவிர அவருக்கு அங்கே என்ன வேலை மிச்சம்?

அந்த வண்ணமே சாதாரண விஷயமில்லை. பிரிட்டிஷ் காலநிலை அறிவியலாளர் எட் ஹாக்கின்ஸ் 2018-இல் வெளியிட்ட வெப்பப் பட்டைகளில் ஆண்டுக்கு ஒரு பட்டை, குளிரான ஆண்டுக்கு நீலம், வெப்பமான ஆண்டுக்குச் சிவப்பு, எண்களே கிடையாது. நீலம் முடிந்து சிவப்பு தொடங்கும் எல்லை, சில பதிப்புகளில், 1971–2000 ஆண்டுகளின் சராசரி வெப்பநிலை. அதை 1850–1900 என்று மாற்றிப் பாருங்கள்: அதே தரவுதான், ஆனால் இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியே வெளிர்சிவப்பாகிவிடும். எந்தக் காலத்தோடு ஒப்பிடுவது என்ற இந்த முடிவைக் கலைஞரும் அறிவியலாளரும் சேர்ந்து முதல் வாரத்திலேயே எடுக்க வேண்டும்.

கடல்மட்டத்தில் சிக்கல் இன்னும் பெரிது. காலநிலை மாற்றத்துக்கான ஐ.நா. அறிவியல் குழுவான ஐபிசிசியின் 2021 அறிக்கைப்படி, 1995–2014 சராசரியை ஒப்பிட, 2100-இல் உயர்வு பசுங்குடில் வாயுக்களை மிகக் குறைவாக வெளியிடும் உமிழ்வுப் பாதையில் 0.28–0.55 மீட்டர், மிக அதிக உமிழ்வில் 0.63–1.01 மீட்டர். ஓவியத்திலோ தண்ணீர் ஒரே கோட்டில்தான் நிற்கும். ஓவியர் பெரிய எண்ணை எடுப்பார். திறப்பு விழாவுக்கு முன்பு அறிவியலாளர் 'மிகைப்படுத்தல்' என்பார். (பனிப்படலங்களின் போக்கு சரியாகப் பிடிபடாததால், அதிக உமிழ்வில் இரண்டு மீட்டரை நெருங்கும் வாய்ப்பையும் அதே அறிக்கை தள்ளிவிடவில்லை.) நடுவில் ஓர் எண்ணைப் பிடித்துச் சமாதானம் செய்வதுதான் மோசமான தீர்வு. உமிழ்வைக் குறைத்தால் என்ன, குறைக்காவிட்டால் என்ன என்ற வித்தியாசமே அதில் காணாமல் போய்விடும். ஒரே தெருவை இரண்டு நீர்மட்டங்களில் வரையச் சொல்லுங்கள்.

ஆகவே ஒப்பந்தத்திலேயே சில வரிகள் வேண்டும். தரவுக்கோப்போடு அலகு, ஒப்பிடும் அடிப்படைக் காலம், வீச்சு (எந்த எண்ணிலிருந்து எந்த எண் வரை), உமிழ்வுப் பாதை நான்கும் எழுத்தில் கொடுக்கப்பட வேண்டும். அறிவியலாளரின் மணிநேரத்துக்கும் பணம் ஒதுக்குங்கள். இலவச ஆலோசனை என்றால் மூன்றாவது கேள்விக்குப் பதில் வராது. சிவப்பு–பச்சை இணையைத் தவிருங்கள், நிறக்குருடு உள்ளவர்களில் பலருக்கு இரண்டையும் பிரித்தறிவது கடினம். பாதி முடிந்த படைப்பைத் துறைக்கு வெளியே உள்ள சிலருக்குக் காட்டி, என்ன புரிந்தது என்று கேட்கவும் நாள் ஒதுக்குங்கள். திருத்தத்துக்கு அவகாசம் இருக்கும்போதே அது நடக்க வேண்டும்.

இப்படிக்கு,
இரு துறைகளிலும் பணிபுரிவோர்