அவர்கள் பெயரிலேயே அழைப்போம்

மதிப்புமிகு ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஆகஸ்ட் 9, உலகப் பூர்வகுடி மக்கள் நாளையொட்டித் தங்கள் நாளிதழில் வந்த செய்தியைப் படித்து மகிழ்ந்தேன். ஆனால் தீபகற்ப மலேசியாவின் பூர்வகுடிகளான ஓராங் அஸ்லி மக்கள் அனைவரும் ஒரே இனம் என்பதுபோல் அதில் எழுதப்பட்டிருந்தது. அவர்களுள் தெமியார், செமாய், ஜகூன், தெமுவான், மா மெரி என 18 பிரிவினர் வாழ்கின்றனர். இந்தப் பெயர்கள் நம் வாயில் வருவதே இல்லை. தோட்டத்துப் பேச்சில் இன்னமும் 'சாக்காய்' என்றுதான் சொல்கிறோம். அடிமை என்ற பொருள் ஏறிய, அவர்களைப் புண்படுத்தும் சொல் அது. இந்தியர்களை இழிவுபடுத்தும் 'கெலிங்' என்ற சொல்லால் அழைக்கப்பட்டு மனம் கொதித்தவர்கள் மலேசியத் தமிழர்களாகிய நாம். நமக்கா அந்த வலி தெரியாது?

சென்ற மாதம் சுங்கை சிப்புட் காலைச் சந்தையில் பெத்தாய் என்னும் காட்டு அவரைக்காய் விற்றுக்கொண்டிருந்த ஒரு பெண்ணிடம், நம்மவர் ஒருவர் அந்தச் சொல்லைச் சொல்லியே விலை கேட்டார். பிளாஸ்டிக் கயிற்றால் கட்டிக்கொண்டிருந்த கொத்தைக் கீழே வைத்துவிட்டு, அந்த அம்மா நிமிர்ந்து பார்த்தார். "சாயா ஓராங் தெமியார்" (நான் தெமியார் இனத்தவள்) என்று மலாயில் சொன்னார். அவ்வளவுதான். கேட்டவர் பேரம் பேசாமல் பணத்தைக் கொடுத்துவிட்டு நகர்ந்தார். இத்தனை ஆண்டுகளாக அவரிடம் பெத்தாய் வாங்கும் நானும் அன்றுதான் அவர் தெமியார் என்று அறிந்தேன் என்பதை எண்ணி வெட்கப்படுகிறேன்.

தங்கள் நாளிதழின் மாணவர் பகுதியில் வாரம் ஒரு பிரிவினராக 18 வாரங்களுக்கு இம்மக்களை அறிமுகப்படுத்த வேண்டும். அவர்கள் ஊர்களுக்கே சென்று, அவர்களிடமே கேட்டு எழுதுங்கள். தமிழ்ப்பள்ளி ஆசிரியர்கள் அதை வகுப்பில் வாசிக்கச் செய்யலாம்.

அன்புடன்,
ஒரு வாசகர்,
சுங்கை சிப்புட், பேராக்.