சிரிப்பை இறக்குமதி செய்வோருக்கு ஒரு திறந்த மடல்

பிரிட்டிஷ் தொலைக்காட்சிகளில் நகைச்சுவைத் தொடர்களைத் தேர்வு செய்யும் பொறுப்பில் உள்ளவர்களுக்கு,

வணக்கம். அமெரிக்க சிட்காமின் (நகைச்சுவைத் தொடரின்) உரிமையை வாங்கி, ஊர்ப்பெயரை மாற்றி, உள்ளூர் நடிகர்களை நிறுத்தும் பழக்கம் எங்கே கொண்டுபோய் விட்டது என்பது உங்களுக்கே தெரியும். 'பிரைட்டன் பெல்ஸ்' (1993), 'மேரீட் ஃபார் லைஃப்' (1996), 'டேஸ் லைக் தீஸ்' (1999). மூன்றும் ஐடிவி என்ற பிரிட்டிஷ் தனியார் சேனலில் வந்தன, மூன்றும் நிலைக்கவில்லை. ஆனாலும் அந்த ஆசை மட்டும் உங்கள் துறையை விட்டுப் போவதாகத் தெரியவில்லை. எங்கள் வேண்டுகோள் ஒன்றுதான்: கதைக்கருவை வாங்குங்கள், வசனப் பிரதியை அங்கேயே விட்டுவிடுங்கள்.

'பிரைட்டன் பெல்ஸ்' எங்கே சறுக்கியது? மூலமான 'த கோல்டன் கேர்ள்ஸ்' என்ற அமெரிக்கத் தொடர், ஒரே வீட்டில் வாழும் நான்கு வயதான பெண்களின் கதை, மயாமியில் நடக்கிறது. அவர்களில் ஒருத்தியான பிளான்ச்சின் வீட்டில் மற்றவர்கள் வாடகைக்கு இருக்கிறார்கள். பொதுவாக 65 வயதானால்தான் மெடிகேர் என்ற அரசு மருத்துவக் காப்பீடு கிடைக்கும் நாடு அது. ஒரு பெரிய நோய் வந்தால் சேமிப்பே கரைந்துபோகும். ஒரு கதையில், அந்த நால்வரில் ஒருத்தியான ரோஸின் மறைந்த கணவர் வேலைபார்த்த நிறுவனம் திவாலாகி, அவளுக்கு வந்த ஓய்வூதியம் நின்றுவிடுகிறது. வேலை தேடிப் போனால் வயதைக் காட்டித் தட்டிக்கழிக்கிறார்கள். அந்தப் பயம் அடியில் இருப்பதால்தான் நள்ளிரவில் அவர்கள் சீஸ்கேக் தின்றுகொண்டே பேசுவது சிரிப்பாகிறது.

1948 முதல் என்எச்எஸ் என்ற அரசின் பொது மருத்துவச் சேவை உள்ள பிரிட்டனில் மருத்துவமனை பில்லுக்கு யாரும் நடுங்குவதில்லை. இங்கே பயம் வேறு: முதியோர் இல்லக் கட்டணத்துக்காக வீட்டை விற்க வேண்டிவருமோ என்பது. 1993 ஏப்ரலில்தான் அந்தச் செலவைக் கணக்கிட்டு உதவும் பொறுப்பு உள்ளூர் கவுன்சில்களிடம் வந்தது. வசதியைச் சோதிக்கும்போது வீட்டின் மதிப்பையும் சேர்த்தார்கள். அதே ஆண்டில் தொடரை எடுத்தவர்கள் கையருகே கிடந்த இந்தக் கதையை விட்டுவிட்டு மயாமி வசனத்தைக் கையில் எடுத்தார்கள். போதாக்குறைக்கு மூலத்தையே சேனல் 4 ஏற்கெனவே ஒளிபரப்பிவிட்டிருந்தது. அசலைப் பார்த்துச் சிரித்தவர்களிடம் நகலை நீட்டிய துணிச்சலைப் பாராட்டத்தான் வேண்டும்! தொடர் பாதியில் நின்று, மிச்சம் 1994இல் வந்தது.

'டேஸ் லைக் தீஸ்' கதையும் இதுதான். அதன் மூலமான 'தட் செவன்டீஸ் ஷோ'வில், அமெரிக்காவின் விஸ்கான்சினில் 16 வயதுப் பையனுக்கு அப்பாவின் பழைய காரும் வீட்டு பேஸ்மென்டும் (நிலவறையும்) தான் உலகம். நகல் நடக்கும் இங்கிலாந்தின் லூட்டனில் ஓட்டுநர் உரிமத்துக்கு 17 ஆக வேண்டும், சாதாரண வீடுகளில் பேஸ்மென்டும் கிடையாது. காரையும் பேஸ்மென்டையும் எடுத்துவிட்டால் பையன்கள் எங்கே கூடுவார்கள், அப்பாவிடம் எதற்காகக் கெஞ்சுவார்கள்?

அமெரிக்காவின் 'ஹூஸ் த பாஸ்?' தொடரின் பிரிட்டிஷ் நகலான 'த அப்பர் ஹேண்ட்' 1990 முதல் 1996 வரை ஓடியதே என்பீர்கள். ஓடியது, மறுக்கவில்லை. பேஸ்பால் வீரர் கால்பந்து வீரரானார். பணக்கார முதலாளியம்மாவின் வீட்டில் உழைக்கும் வர்க்கத்து ஆண் வேலைக்காரர் என்ற கருவோ வர்க்க வேறுபாட்டிலேயே சிரிப்பைத் தேடும் பிரிட்டனுக்கென்றே தைத்ததுபோல் இருந்தது. கரு பொருந்தினால் மற்றதெல்லாம் பின்னாலேயே வரும். எதிர்த்திசையில், பிரிட்டிஷ் தொடரான 'டில் டெத் அஸ் டூ பார்ட்'டை 'ஆல் இன் த ஃபேமிலி' ஆக்கிய அமெரிக்கத் தயாரிப்பாளர் நார்மன் லியரும் 1971இல் இதைத்தான் செய்தார். அதன் நாயகன் லண்டன் ஆல்ஃப் கார்னெட், நியூயார்க்கின் குவீன்ஸ் பகுதியில் வாழும் ஆர்ச்சி பங்கர் ஆனபோது வாய்த்துடுக்கு மட்டுமே கப்பலேறியது. சண்டைகள் எல்லாம் அமெரிக்காவுடையவை.

ஆகவே, அடுத்த ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன் தயவுசெய்து ஒரு பிரிட்டிஷ் எழுத்தாளரைக் கூப்பிட்டு, இந்த வீட்டில் வாடகை யார் கட்டுகிறார்கள், நோய் வந்தால் என்ன ஆகும், இவர்கள் ஏன் வெளியேறாமல் இருக்கிறார்கள் என்று கேளுங்கள். அவர் பதிலிலிருந்து முதல் ஆறு பகுதிகளையும் புதிதாக எழுதச் சொல்லுங்கள். அது முடியாதென்றால் அமெரிக்க மூலத்தையே ஒளிபரப்பிவிடுங்கள், செலவும் குறையும்.

மரியாதையுடன்,
பார்வையாளர்கள் சிலர்