கட்டணமில்லா ஆபீஸ் மென்பொருள்: முதலில் எழுத்துருவைக் கவனியுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். சந்தா கட்டும் மைக்ரோசாஃப்ட் ஆபீஸை விட்டு, கட்டணமில்லாத லிப்ரே ஆபீஸுக்கு மாறிப் பார்த்தவர்கள் பெரும்பாலும் சொல்லும் குறை, ‘கோப்பைத் திறந்தால் பக்கமெல்லாம் கலைந்துபோகிறது’ என்பது. குறை உண்மைதான். பெரும்பாலும் எழுத்துருவே அதற்குக் காரணம்.

காலிப்ரி என்ற எழுத்துருவில் அடித்த கடிதத்தை அது இல்லாத கணினியில் திறந்தால் வேறொன்று அதன் இடத்துக்கு வரும். எழுத்தின் அகலம் மாறினால் வரி மடங்கும் இடமும் மாறும்; இரண்டு பக்கக் கடிதம் மூன்றாகும். காலிப்ரிக்குக் கார்லிட்டோ, கேம்பிரியாவுக்குக் கலாடியா என அகலம் பொருந்தும் இலவச எழுத்துருக்கள் உண்டு. லினக்ஸில் இவற்றைத் தனியாக நிறுவ வேண்டியிருக்கலாம். தமிழ் எழுத்துருக்களான லதாவும் நிர்மலா யுஐயும் விண்டோஸுக்கானவை; லினக்ஸில் இருக்காது. லினக்ஸும் புழங்கும் அலுவலகத்தில் எல்லாக் கணினிகளிலும் நோட்டோ சான்ஸ் தமிழ் என்ற இலவச எழுத்துருவை நிறுவி, ஆவணத்தை அதிலேயே தொடங்குவது நல்லது.

தமிழில் வேலை செய்பவர்களை அதிகம் குழப்புவது இன்னொன்று. பத்தியின் தோற்றத்தை மொத்தமாக அமைக்கும் பத்தி ஸ்டைலில் எழுத்தளவை 14 ஆக்குவார்கள். ஆங்கிலம் பெரிதாகும், தமிழ் 12இலேயே நிற்கும். லிப்ரே ஆபீஸில் கடிதம் அடிக்கும் பகுதியான ரைட்டர் இரண்டு மொழிகளுக்கும் எழுத்துருவையும் அளவையும் தனித்தனியாக வைத்திருப்பதால் வரும் வினை இது. டூல்ஸ், ஆப்ஷன்ஸ் போய், மொழி அமைப்பில் ‘காம்ப்ளக்ஸ் டெக்ஸ்ட் லேஅவுட்’ என்பதை டிக் செய்து தமிழைத் தேர்ந்தெடுங்கள். பிறகு ஸ்டைலின் ஃபான்ட் பக்கத்தில் தமிழுக்கென்று தனி இடம் தெரியும். அங்கேயும் 14 போட வேண்டும்.

பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் அடித்த கோப்புக்குள் இருப்பவை ஆங்கில எழுத்துகளே. எந்த மென்பொருளானாலும் அந்த எழுத்துரு இல்லாவிட்டால் படிக்க முடியாது. எல்லாக் கணினிக்கும் பொதுவான யூனிகோடு முறைக்கு மாற்றிவிட்டுத்தான் மற்ற வேலை.

அலுவலகத்துக்குள் சுற்றும் கோப்புகளை லிப்ரே ஆபீஸின் சொந்த வடிவமான ஓடிஎஃப்பிலேயே சேமிக்கலாம். 2006 முதல் அது ஐஎஸ்ஓ அங்கீகரித்த பன்னாட்டுத் தரம். மைக்ரோசாஃப்ட் வேர்டின் வடிவமான டாக்எக்ஸில் உள்ள ஒரே கோப்பை இரண்டு மென்பொருள்களிலும் மாறி மாறித் திருத்தினால் எண்ணிட்ட பட்டியலும் படங்களும் இடம் நகரத் தொடங்கும். வெளியே அனுப்ப பிடிஎஃப் போதும். ‘ஹைப்ரிட் பிடிஎஃப்’ என்பதை டிக் செய்தால் திருத்தக்கூடிய மூலமும் அதற்குள் போய்விடும், அதையும் கவனியுங்கள்.

எக்செலில் பலரும் பயன்படுத்தும் எக்ஸ்லுக்அப், ஃபில்டர் ஆகிய சூத்திரங்கள், லிப்ரே ஆபீஸின் விரிதாளான கால்க்கிலும் 24.8 பதிப்பிலிருந்து இருக்கின்றன. பழைய பதிப்பை வைத்துக்கொண்டு குறை சொல்வது நியாயமில்லை. கோப்புக்குள் எழுதிவைத்த தானியங்கி நிரல்களான மேக்ரோக்கள்தான் உண்மையான தடை: மைக்ரோசாஃப்ட் ஆபீஸின் விபிஏ மொழியில் எழுதிய எளியவை பெரும்பாலும் ஓடும், வேறு மென்பொருளை அழைப்பவை நின்றுவிடும். அத்தகைய கோப்புகளைக் கையாளும் ஓரிரு மேசைகளில் பழைய மென்பொருளையே விட்டுவைப்பதில் தவறில்லை.

எல்லாரையும் மாற்றும் முன், அன்றாடம் பயன்படும் படிவங்களை இரண்டு மென்பொருள்களிலும் அச்சிட்டு, ஒன்றன்மேல் ஒன்று வைத்து வெளிச்சத்தில் பாருங்கள். ஸ்பேஸ் பாரைத் தட்டித் தட்டி வரிசைப்படுத்தியவைதான் முதலில் கலையும். அவற்றை அட்டவணையாக்கிய பிறகே ஊழியர்களிடம் கொடுக்க வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்